வார்த்தை மலை இறங்குவதற்குள்

போன மாதம் என் ஓய்வூதியக் காகிதம் ஒன்றுக்காக உங்கள் துணை மின்நிலையத்துக்கு வந்திருந்தேன். கண்ட்ரோல் ரூம் வாசலில் உங்களில் மூன்று பேர் உட்கார்ந்து செல்போனைப் பார்த்து வாயை அசைத்துக்கொண்டிருந்தீர்கள். பாட்டு கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் ஆங்கிலப் பாடம். அலுவலகத்தில் பேசுவதற்கு நாளுக்குப் பத்துச் சொல்லாம். அன்றைய பத்தில் ஒன்று 'லெவரேஜ்'. மின்கம்பம் ஏறப்போகிற பிள்ளைகளுக்கு அது எதற்கு என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. ஓய்வு பெற்றவள் வாயை அடக்கிக்கொண்டால்தான் மரியாதை என்று திரும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆங்கிலம் கற்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நானே நைனார்பாளையத்தில் பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு டிப்ளமோவில் போய் விழுந்தவள். முதல் ஆறு மாதம் ஆசிரியர் சொன்னதையெல்லாம் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டேன், பொருள் பின்னால் வந்து சேரட்டும் என்று. பாதிக்கு மேல் வந்து சேரவில்லை. வேலைக்கு வந்த பிறகு சொற்கள் கை வழியாகத்தான் வந்தன. மின்பாதையைத் துண்டித்து வைக்கும் ஐசோலேட்டர் என்ற சொல் அதன் கைப்பிடியை இழுத்துத் தோள்பட்டை வலித்த அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு மறக்கவே இல்லை.

நம் தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலம் கொஞ்சம்தான். ஃபீடர், ட்ரிப், எர்த், சார்ஜ், லைன் கிளியர், ரிட்டர்ன் என்று ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். கையெழுத்துப் போடத் தடுமாறுகிற ஹெல்பர்கூட இவற்றைத் தண்ணீர் பட்ட பாடாகச் சொல்வார். இவை தமிழாகிப் பல காலம் ஆகிவிட்டது. ஆனால் ஒரு சொல்லைச் சொல்லத் தெரிவது வேறு, அது எந்த நேரத்திலிருந்து அமலுக்கு வருகிறது என்று தெரிவது வேறு. இந்த இரண்டாவதை எந்த செல்போன் பாடத்திலும் நான் பார்க்கவில்லை.

லைன் கிளியர் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் யாராவது இதை எடுத்துப் படித்தால் குழம்பக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். மின்கம்பியில் வேலை செய்யப் போகிறவர் முதலில் துணை மின்நிலையத்தில் அனுமதி கேட்பார். உள்ளே இருப்பவர் மின்சாரத்தை நிறுத்தி, பூட்டி, அந்தக் கம்பியை அவர் பெயருக்கு ஒப்படைப்பார். அதுதான் லைன் கிளியர். வேலையை முடித்து, ஆட்களைக் கீழே இறக்கி, கம்பியைத் தரையோடு பிணைத்து வைத்திருக்கும் எர்த் ராடையும் எடுத்துவிட்டு, அவர் 'ரிட்டர்ன்' என்று திருப்பித் தரவேண்டும். அதுவரை யார் வந்து நின்றாலும் சுவிட்சைப் போடக்கூடாது.

ஒருமுறை நகரத்தில் படித்துவிட்டு வந்த இளம் பொறியாளர் ஒருவர் எனக்குப் போன் செய்து, "மேடம், த வொர்க் ஈஸ் மோர் ஆர் லெஸ் ஓவர்" என்றார்.

"மோரா சார், லெஸ்ஸா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஐ மீன், ஆல்மோஸ்ட்" என்றார். கம்பத்திலிருந்து ஆல்மோஸ்ட் இறங்கிய மனிதர் எந்த உயரத்தில் நிற்பார் என்று எனக்குத் தெரியவில்லை. முழுசாக இறங்கட்டும், அப்புறம் பேசுங்கள் என்று போனை வைத்துவிட்டேன். அவர் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சரியாகிவிட்டார். இப்போது நல்ல பதவியில் இருக்கிறார், பேச்சையும் குறைத்துக்கொண்டார் என்று கேள்வி.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

என் கடைசி சில ஆண்டுகள் கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு துணை மின்நிலையத்தில் கழிந்தன. அங்கிருந்து ஒரு ஃபீடர், அதாவது ஒரு மின்பாதை, மலைக்கு மேலே போகும். கீழே மழை தூறினால் மேலே மரம் சாயும். அப்போது மலையில் செல்போன் சிக்னல் கிடையாது. கீழே இறங்கும் சாலையில், கோமுகி அணைத் தண்ணீர் கண்ணில் படுகிற வளைவு ஒன்று உண்டு. அங்கே வந்தால்தான் செல்போனுக்கு உயிர் வரும். மேலே வேலை முடித்தவர் அந்த வளைவு வரை தானே இறங்கி வந்து ரிட்டர்ன் சொல்ல வேண்டும் என்பது முறை. சொல்லிவிட்டுத் திரும்ப மேலே போகவேண்டும். வண்டி கிடைக்காத நாளில் அரைநாள் அதற்கே போய்விடும், அதுவரை மலை முழுவதும் இருட்டு.

எனக்கு முன்னால் அங்கே இருந்த அதிகாரி இதற்கு ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். பேச்சுக் குறைந்த மனிதர், வெளியூர்க்காரர். காலையில் லைன் கிளியர் வாங்கும்போது வயர்மேன் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுவார். அது அவருக்கும் துணை மின்நிலையத்தில் இருப்பவருக்கும் மட்டும் தெரியும். வேலை முடிந்ததும், கீழே போகிற ஜீப்பிலோ பஸ்ஸிலோ யாரிடமாவது அந்தச் சொல்லைச் சொல்லி அனுப்புவார். வளைவில் சிக்னல் கிடைத்ததும் அந்த ஆள் எங்களுக்குப் போன் செய்து சொல்லைச் சொல்வார். சொல் சரியாக இருந்தால் ரிட்டர்ன் வந்துவிட்டதாகக் கணக்கு.

ஏன் ஆங்கிலச் சொல் என்று பொறுப்பை ஒப்படைக்கும்போது அவரைக் கேட்டேன். "தமிழ்ல சொல்லி அனுப்பினா கொண்டு வர்றவன் தன் பங்குக்கு நாலு வார்த்தை சேர்ப்பான். புரியற விஷயத்துல எல்லாரும் கை வைப்பாங்க. புரியாததை அப்படியே கொண்டு வந்து குடுப்பாங்க" என்றார். ஒரு புத்தகமும் சொல்லித் தராத புத்திசாலித்தனம் அது என்று எனக்குப் பட்டது. பல மாதங்கள் அது பிசகாமல் நடந்தது. பால் வண்டிக்காரர், கண்டக்டர், கடுக்காய் வியாபாரி என்று யார் யாரோ போனில் வந்து, தங்களுக்குப் பொருள் தெரியாத சொற்களை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் மிகவும் சந்தோஷப்பட்டவர் ஏழுமலை. மலை ஃபீடருக்கு அவர்தான் வயர்மேன். நாற்பதை நெருங்கியவர், வெடவெடவென்று உயரம். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர், ஆங்கிலத்தின் மேல் தீராத ஆசை. அவருடைய மகள் கீழே ஆங்கில வழியில் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் அவள் பாடப்புத்தகத்திலிருந்து ஒரு சொல்லைக் கேட்டு வாங்கி வருவார், பொருளோடு. ஒருநாள் மேக்னெட், ஒருநாள் ஹார்வெஸ்ட், இன்னொரு நாள் ஹெமிஸ்ஃபியர். லைன் கிளியர் கேட்க வரும்போதே முகத்தில் அந்தச் சொல் தெரியும். கொஞ்ச காலத்தில் அவற்றைப் பேச்சிலும் போட ஆரம்பித்தார். "மேடம், இன்னிக்கு மேல ஹார்வெஸ்ட்டுங்க, மரவள்ளி லோடு ஜாஸ்தி. ஜீப்பு சுளுவா கெடைக்கும்" என்பார். சரியாகவும் இருக்கும்.

அது ஐப்பசி. ராத்திரி முழுக்கக் காற்று. காலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு பலாமரம் கம்பியின் மேல் சாய்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஏழுமலை லைன் கிளியர் வாங்கினார். அன்றைய சொல் 'பெனின்சுலா'. "மூணு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் தரைங்க" என்று பொருளும் சொல்லிவிட்டு, ஒரு ஹெல்பரோடு மேலே போனார். நான் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டினேன்.

மாலை வரை தகவல் இல்லை. எங்கள் வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே பள்ளி விடுகிற மணி அடித்து, பிள்ளைகள் கூச்சலோடு கேட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு பேசினேன். பேசியவர் முருகேசன், மலைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். எங்களுக்குப் பழக்கமானவர், பலமுறை சொல் கொண்டுவந்தவர்.

"மேடம், ஏழுமலை வேல முடிச்சிட்டாருங்க. கரண்ட்டு வுடச் சொன்னாரு. சீக்கிரம் வுடுங்க. மேல ஆஸ்பத்திரில ஒரு கெழவரு மூச்சு வுட முடியாம தவிக்கிறாரு. மிஷினு ஓடலியாம். சின்ன சிலிண்டரு ஒன்னுதான் கீதாம். சிஸ்டரு ரோட்ல நின்னு வண்டிய மறிச்சி சொன்னாங்க. ஒரு ஆளுகூட ஏத்தாம சும்மா வண்டிய அடிச்சிக்கினு வந்தேன்."

"சரிங்க. வார்த்தையைச் சொல்லுங்க" என்றேன்.

"வார்த்த ஒன்னு சொன்னாருங்க. வாய்ல சொல்லிக்கினேதான் வந்தேன். அந்தச் சிஸ்டரு அழுதாங்களா, அதுல போச்சிங்க. சுத்தமா மறந்து போச்சி" என்றார்.

"யோசிச்சுப் பாருங்க."

"வர்லீங்க மேடம். இங்கிலீஷு. வேல முடிஞ்சிது மட்டும் நெஜம். நான் கண்ணால பாத்தேன், கயித்த சுருட்டிக்கினு இருந்தாங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். முருகேசன் பொய் சொல்கிறவர் இல்லை. வேலை முடிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார். மேலே ஒருவர் மூச்சுக்குத் திணறுகிறார். எனக்குச் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. குறைந்தது ஒரு சொல், அதுவும் அந்த ஆளுக்குப் பொருள் தெரியாத ஒரு சொல். நீங்கள் என் நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அறையில் உட்கார்ந்து யாரும் சரியான பதிலைச் சொல்லிவிடலாம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தக் கிழவரை நினைத்து என் கை பிரேக்கர் சுவிட்ச் பக்கம் போகவும் போனது.

முருகேசனிடம், "வண்டியைத் திருப்புங்க. மேலே போய் ஏழுமலையை மறுபடி கேட்டுட்டு வாங்க" என்றேன். மனிதருக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? "இன்னா மேடம், ஒரு வார்த்தைக்காவ ஒரு உசுர வெச்சிக்கினு வெளாடறீங்க" என்றார். ஆனாலும் வண்டியைத் திருப்பிவிட்டார்.

அடுத்து மேலதிகாரியிடமிருந்து போன். முருகேசன் அந்தச் சிஸ்டர் சொன்னபடி சுகாதாரத் துறையில் யாருக்கோ முதலிலேயே தகவல் சொல்லியிருக்கிறார், அது சுற்றிக்கொண்டு மேலதிகாரியிடம் வந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம்தான் வரும். நீளநீளமான வாக்கியங்கள். நிலைமையின் தீவிரம் புரிகிறதா, வேலை முடிந்துவிட்டதை நேரில் பார்த்த சாட்சி இருக்கிறாரே, ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆனால் நீ பொறுப்பேற்கிறாயா என்று கேட்டார். பாதி எனக்குப் புரிந்தது. பதிலுக்கு அத்தனை ஆங்கிலம் என்னிடம் இல்லை. தமிழில் பேசியிருந்தால் அவர் பங்குக்கு நாலு வார்த்தை, என் பங்குக்கு நாலு வார்த்தை என்று போய், கடைசியில் நான் தணிந்துவிட்டிருப்பேன். என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது.

"ரிட்டர்ன் நாட் ரிசீவ்டு, சார்."

அவர் மறுபடி ஆரம்பித்தார். நான் மறுபடி அதையே சொன்னேன். மூன்றாவது முறையும் சொன்ன பிறகு, "ஆம்புலன்ஸ்ல பெரிய சிலிண்டர் வெச்சு உடனே மேலே அனுப்பச் சொல்லுங்க சார். சுவிட்சைப் போடறதுக்கு முன்னால அது போய்ச் சேர்ந்தாலும் நல்லதுதான்" என்று தமிழில் சொன்னேன். அவர் போனை வைத்த சத்தம் காதில் அறைந்தது. ஆனால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார். கோபக்காரர்தான், காரியக்காரரும்கூட.

நாளுக்குப் பத்துச் சொல் படிக்கிற உங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லவேண்டும். பதறும் நேரத்துக்கு உதவுவது ஒரு சின்ன வாக்கியம். உங்கள் வேலைக்கு அது எது என்று முன்னாலேயே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் திட்டுகிறவருக்கு ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லப் புறப்படாதீர்கள், அங்கே அவர்தான் ஜெயிப்பார்.

அதற்கப்புறம் காத்திருந்தேன். அது ரொம்ப நேரமா, கொஞ்ச நேரமா என்று இப்போது நினைவில்லை. நான் பிடிவாதக்காரியோ, ஒரு விளையாட்டு விதிக்காக ஒரு மனிதரைச் சாகவிடுகிறேனோ என்று நினைத்தது நினைவிருக்கிறது. பிறகு போன் வந்தது. ஏழுமலை.

"மேடம், இன்னாங்க ஆச்சி? கரண்ட்டே வர்ல. பாத்துப் பாத்து, இங்க ஒருத்தரு பைக்ல ஹெல்பரையும் ஏத்திக்கினு நானே எறங்கி வந்துட்டேன். வழில முருகேசண்ணன் சொன்னாரு, மறந்துட்டாராமே. பெனின்சுலாங்க மேடம். ரிட்டர்ன்."

உடம்பெல்லாம் லேசானது. சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் கேட்கிற வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். கேட்டே ஆகவேண்டும் என்ற நினைப்புகூட இல்லை, பழக்கம்.

"ஆளெல்லாம் இறங்கியாச்சா?"

"ரெண்டு பேரும் இங்கதாங்க கீறோம்."

"எர்த் ராடு?"

"அதெல்லாம் அப்பவே எடுத்தாச்சிங்க. முருகேசண்ணன் கைல வார்த்த குடுக்கறதுக்கு மின்னாடியே."

"அப்புறம் கம்பியைத் தொடலையே?"

"அப்புறம் ஒரே ஒரு கெளைங்க. ஜீப்பு போனதும் ஒரு மரவள்ளிக்காரரு ஓடியாந்தாரு, அந்தாண்ட கம்பத்துல கெளை மாட்டிக்கினு கீதுன்னு. அத்த வுட்டுட்டா கரண்ட்டு வந்ததும் ட்ரிப் ஆயிடுமே. ஏறி ஒதுக்கிட்டு எறங்கிட்டேன்."

"எர்த் போட்டீங்களா?"

"கொஞ்ச நேர வேலைக்கு எதுக்குங்க. ஜீப்பு வளைவுக்குப் போயி சேர எவ்ளோ நேரம் ஆவும்னு எனக்குத் தெரியாதா? வழில ஆளு ஏத்துவாரு, டீ குடிப்பாரு. வார்த்த மல எறங்கறதுக்குள்ள நான் கம்பத்த வுட்டு எறங்கிடுவேன்."

"எப்ப ஏறினீங்க?"

"கம்பத்து மேல இருக்கச்சொல்ல அங்க ஸ்கூல் வுடற பெல் அடிச்சிதுங்க. பசங்க வந்து நின்னு வேடிக்க பாத்துக்கினு இருந்தாங்க."

எல்லாப் பள்ளிக்கூடமும் ஒரே நேரத்தில்தான் விடுகிறது. முருகேசன் எனக்குப் போன் செய்தபோது பள்ளி விட்ட கூச்சலுக்கு நான் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர் ஆள் ஏற்றவில்லை, டீ குடிக்கவில்லை. சிஸ்டர் அழுததால் வண்டியை விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அதே அழுகையால்தான் சொல்லையும் மறந்திருக்கிறார். நினைவு வைத்திருந்தால் அந்த நிமிஷமே சொல்லியிருப்பார். சொல் சரி, நான் சுவிட்சைப் போட்டிருப்பேன். நல்ல வேலை செய்த திருப்தியோடு போட்டிருப்பேன்.

இதை ஏழுமலையிடம் அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏழுமலை, இருக்கீங்களா?"

"இருக்கேங்க" என்றார்.

அப்புறம்தான் மின்சாரம் விட்டேன். ஆம்புலன்ஸ் அதற்குள் மேலே போய்ச் சேர்ந்திருந்தது. கிழவர் பிழைத்துக்கொண்டார். அந்தச் சிஸ்டர் மட்டும் எங்கே பார்த்தாலும் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, நான் விளக்கவும் போகவில்லை.

ஏழுமலையைக் குறை சொல்லிவிட்டு இதைப் படித்து முடித்துவிடாதீர்கள். சோம்பேறித்தனமோ அலட்சியமோ இதில் இல்லை. தொழிலில் கெட்டிக்காரர், ட்ரிப் ஆகக்கூடாதே என்ற அக்கறையில்தான் ஏறினார். மலையையும் ஜீப்பையும் முருகேசனின் டீயையும் அத்துப்படியாகத் தெரிந்தவர் மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்யமுடியும். புதிதாக வந்தவர் பயந்துகொண்டு கீழேயே நின்றிருப்பார். ஏழுமலைக்கு நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் தெரியும், பெனின்சுலாவுக்கு எத்தனை பக்கம் தண்ணீர் என்று தெரியும். தினமும் வாயில் புழங்குகிற 'ரிட்டர்ன்' மட்டும், போய்ச் சேர்ந்த பிறகுதான் வேலை செய்யும் என்று நினைத்துவிட்டார். கடிதம் போல. அது கடிதம் இல்லை. வாயிலிருந்து வெளியே வந்த அந்த நொடியே கம்பி உங்களுடையது இல்லை. அது அடிவாரத்துக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆனாலும் சரி, ஒரு நாள் ஆனாலும் சரி, இடையில் இருக்கிற நேரம் உங்களுக்குச் சொந்தமில்லை.

எனக்கு முன்னால் இருந்த அதிகாரி யோசித்ததும் சரிதான். கொண்டுவருகிறவர் சொல்லை மாற்றமாட்டார் என்று அவர் கணக்குப் போட்டார், அப்படியேதான் நடந்தது. சொல் வழியில் இருக்கும்போது சொன்னவர் மாறிவிடுவார் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அன்றைக்கே அந்த ஏற்பாட்டை நிறுத்தினேன். லைன் கிளியர் வாங்கியவர் வளைவுவரை தானே இறங்கி வந்து, தன் வாயால் சொல்லவேண்டும். மலையில் இருட்டு நீண்டது. மக்கள் திட்டினார்கள், மேலிடத்துக்கும் எழுதினார்கள். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். உங்களுக்கு இப்போது அங்கங்கே டவர் வந்துவிட்டது, வாட்ஸ்அப்பில் 'ரிட்டர்ன்' என்று தட்டிவிடுகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். மலை மாறியிருக்கலாம். தட்டிவிட்டு இன்னொரு கிளையைப் பார்க்கிற கண் மாறியிருக்காது.

மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஏழுமலை லைன் கிளியர் நோட்டில் கையெழுத்துப் போடத் துணை மின்நிலையத்துக்கு வந்திருந்தார். ராத்திரி தூங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எதிரில் டீ ஆறிக்கொண்டிருந்தது, எடுக்கவில்லை. அப்போது வெளியே ஜீப் வந்து நின்றது. முருகேசன் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. வழியில் ஏழுமலையைப் பார்த்தபோது மறந்துபோனதை மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

"மேடம், நேத்து போன்ல ஒரு மாதிரி பேசிட்டேன், மனசுல வெச்சிக்காதீங்க" என்று ஆரம்பித்தார். "தப்பு என் மேலதான். ராவெல்லாம் தூக்கம் வர்ல. ஒரு வார்த்த, அத்த ஒழுங்கா கொண்டாந்து குடுத்திருந்தா அந்தக் கெழவரு அவ்ளோ நேரம் கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு. நானு படிக்காதவங்க. இங்கிலீஷு நம்ம மண்டைல நிக்க மாட்டேங்குது."

பிறகு ஏழுமலையின் பக்கம் திரும்பினார். "உன்னையும் வீணா மலையெறங்க வெச்சிட்டேன். மன்னிச்சிக்கப்பா."

நான் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். ஏழுமலை எழுந்துவிட்டார். அந்த உயரமான மனிதர் முருகேசனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, விடாமல் நின்றார். முருகேசனுக்குச் சங்கடமாகிவிட்டது. என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"வூட்டுக்கு வாங்கண்ணே" என்றார் ஏழுமலை. "எம்பொண்ணும் இருக்கா. சாப்ட்டுட்டுப் போலாம்."

"இன்னாப்பா இது, நான் மறந்ததுக்கா சோறு போடற?"

"ஆமாண்ணே" என்றார் ஏழுமலை.